பாத்தியில் கறி, சட்டியில் பூ

(திரும்பி வந்த குடும்பங்களுக்காக, ஒக்டோபர் முதல் வாரத்தில் ஒரு தோட்டப் பாடசாலை மண்டபத்தில் எமது வீட்டுத்தோட்ட வெளிக்கள உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு.)



போன கூட்டத்தில் உங்களுக்கு என்னென்ன தேவை என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தோம். தகரம், பாய், அடுப்பு, பிள்ளைகளின் கொப்பி என்று பட்டியல் போனது. கடைசியில் ஒரு அம்மா எழும்பி, "பூச்செடி ஏதும் தருவீங்களா?" என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்த அம்மா வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார். இன்றைய பேச்சு அவருக்கான பதில். தருகிறோம் அம்மா. கறிச்செடியும் தருகிறோம், பூச்செடியும் தருகிறோம். ஆனால் எதை எங்கே வைப்பது என்று பேசிவிட்டுத்தான் தருவோம். ஏனென்று சொல்கிறேன்.

நானும் யட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் பிறந்தவள்தான். ஒரு மழைக்கு வீட்டை விட்டுப் போய், பாடசாலையில் படுத்து, திரும்பி வந்தவள். வந்த வருடம் எனக்குப் பெரிய ஆசை. வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவை வெட்டி, இன்னும் ஒரு பாத்திக்கு இடம் எடுத்தேன். சித்திரை மாதத்தில் செவ்வந்தி நட்டேன். மே மாதம் மழை இறங்கியது. செவ்வந்தி முழுவதும் அழுகியது. அது பரவாயில்லை. வெட்டிய சரிவிலிருந்து சேறு கரைந்து குசினிக்குள் முழங்கால் அளவு வந்தது. பகல் நேரம், பிள்ளை வெளியே இருந்தான். இரவு வந்திருந்தால் என்னவென்று இன்றைக்கும் நான் நினைத்துப் பார்ப்பதில்லை. யாரும் செய்த பிழை இல்லை. என் மண்வெட்டி செய்த பிழை.

அதனால் முதலில் மாதத்தைப் பேசுவோம். 2003இல் இரத்தினபுரியில் வெள்ளமும் மண்சரிவும் வந்தது மே மாதம். 2016இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததும், புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயம் மண்ணுக்குள் போனதும் ஒரே நாள், மே 17. 2017இல் களு கங்கை பெருகியது மே கடைசியில். மற்ற மாதங்களில் வராது என்று அர்த்தம் இல்லை; இந்த ஒக்டோபர், நவம்பர் மழையும் இலேசானது அல்ல. ஆனால் நம் மாகாணத்தில் தோட்டம் செய்கிறவர் சித்திரை வருடப்பிறப்புக்கு முன் இரண்டு வேலையை முடித்திருக்க வேண்டும்: கான் சுத்தமாக இருக்க வேண்டும், திறந்த மண் எங்கும் இருக்கக்கூடாது. நட்டது சின்ன வேரோடு நிற்கும்போது தென்மேற்கு மழை வந்தால் செடியும் போகும், மண்ணும் போகும்.

கான் வெட்ட உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. மலையில் தேயிலைத் தூருக்கு நடுவே மட்டம் பார்த்துக் கான் வெட்டியது உங்கள் தாத்தாமார்தான். அதே கணக்குத்தான் வீட்டுக்கும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? மலையில் மட்டம் பார்க்கிறோம், வீட்டில் மேலிருந்து கீழாகப் பாத்தி பிடிக்கிறோம். அப்படிப் பிடித்த பாத்தி இரண்டுக்கும் நடுவே ஓடுகிற இடம் மழை நாளில் பீலி மாதிரி ஆகிவிடும்.

பாத்தி சரிவுக்குக் குறுக்கே போக வேண்டும். மட்டம் பார்க்க ஒரு கருவி செய்வோம். ஏழடிக் கம்பு இரண்டு, இரண்டும் ஒரே நீளம். மேல் முனையைச் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, இடுப்பளவில் குறுக்குக் கம்பு ஒன்று கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு நூலில் கல்லைத் தொங்கவிடுங்கள். இப்போது எங்காவது நிறுத்தி, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். கால்களை இடம் மாற்றி, இடது கால் நின்ற இடத்தில் வலது காலை வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். பிறகு ஒரு காலை ஊன்றி, மற்றக் காலை மேலும் கீழும் நகர்த்தி, நூல் நடுப்புள்ளிக்கு வந்ததும் அங்கே ஒரு குச்சி. அப்படியே நடந்து போனால் குச்சி வரிசை வளைந்து வளைந்து போகும். நேராக்கப் பார்க்காதீர்கள். மலை வளைகிற மாதிரித்தான் பாத்தியும் வளையும்.

பாத்தி மூன்றடி அகலம், முக்கால் அடிக்குக் குறையாத உயரம். நம்முடைய மழைக்கு உயரப் பாத்திதான் சரி. கூரைத் தண்ணீர் பாத்தியில் விழாமல் கானுக்குப் போக வேண்டும். குசினித் தண்ணீரை வீட்டுக்குக் கீழே, சமமான இடத்தில் வாழைக்கு விடுங்கள். மேலே சரிவில் விடவே வேண்டாம். சரிவுக்குள் தண்ணீர் இறங்குவதுதான் நமக்குப் பகை.

வீட்டுக்குப் பின்னால் உள்ள செங்குத்தை வெட்டாதீர்கள். அங்கே பாத்தி இல்லை. மரவள்ளி, வற்றாளை மாதிரிக் கிழங்கும் இல்லை, பிடுங்கும்போது மண் குலையும். அந்தச் சரிவுக்குக் குறுக்கு வரிசையாக வெட்டிவேர், சேரைப் புல், அன்னாசி வையுங்கள். சேரையும் அன்னாசியும் வாய்க்கும் ஆகும். சரிவு இலேசான இடத்தில் கிளிரிசீடியாக் கம்பு நெருக்கமாக ஊன்றி, இடுப்பளவில் கவ்வாத்துப் பண்ணிக்கொண்டே வந்தால், வெட்டிய தழை பாத்திக்கு மூடாக்கு. அது காசில்லாத பசளை.

அடுத்தது மண். இங்கே மூன்று விதமான ஆட்கள் இருக்கிறீர்கள். ஆற்றுத் தண்ணீர் ஏறி இறங்கிய வீட்டுக்காரர், மண் சரிந்த பக்கத்து ஆட்கள், தேயிலையோ றப்பரோ நின்ற நிலத்தில் புதுவீடு கிடைத்தவர்கள்.

ஆற்று வண்டல் பார்க்க நல்ல கறுப்பாக இருக்கும். அதில் மலசலகூடக் குழிகளின் தண்ணீரும் வந்து கலந்திருக்கிறது. முதல் போகம் வெண்டி, கத்தரி, பயற்றங்காய் போன்று மண்ணுக்கு மேலே காய்த்து, சமைத்துச் சாப்பிடுவதை மட்டும் நடுங்கள். வல்லாரைச் சம்பல் ஆசை கொஞ்ச நாள் பொறுக்கட்டும். சரிந்த பக்கத்தில் மேலே கிடப்பது அடிமண். அதில் சத்து இல்லை. கூட்டெரு கலக்காமல் எதை நட்டாலும் மஞ்சளாக நிற்கும், பிறகு விதை சரியில்லை என்று என்னோடு சண்டைக்கு வருவீர்கள். தேயிலை நின்ற மண்ணில் புளிப்பு அதிகம். தேயிலைக்கு அது நல்லது, மரக்கறிக்கு ஆகாது. நடுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் சதுர மீற்றருக்கு ஒரு பெரிய கைப்பிடி டொலமைற் போட்டுக் கொத்திவிடுங்கள்.

இரத்தினபுரிப் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்று. பழைய மாணிக்கக் குழி மூடிய இடம் எதுவென்று ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இளக்கமாக நிரப்பிய குழி மழைக்கு இறங்கும். அதன் மேல் பாத்தியும் வேண்டாம், பிள்ளைகள் விளையாடவும் வேண்டாம். எலிக்காய்ச்சலும் நம் இரண்டு மாவட்டங்களிலும் அடிக்கடி வருகிறது. காலில் வெட்டு, புண் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் மூடிக்கட்டி, சப்பாத்துப் போட்டு இறங்குங்கள். தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால், வெயில் பட்டது என்று வீட்டில் படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போய், சேற்றில் வேலை செய்ததைச் சொல்லுங்கள்.

சரி, இப்போது நடுவோம். ஏழு பேர்ச் கிடைத்தவர்கள் பெரிய காணி என்று நினைக்கிறார்கள். ஏழு பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடி. வீடு 550, அதன் பிறகு மலசலகூடம், பாதை, கான், தொடக்கூடாத சரிவு. எல்லாம் போனால் மிஞ்சுவது சின்ன இடம்தான். லயத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை, வாசலுக்கு முன்னால் ஒரு துண்டு. ஆகவே எல்லாரும் பத்தடிக்குப் பத்தடியில் தொடங்குங்கள். அதற்குள் மூன்று பாத்தி வரும்.

முதல் பாத்தி உடனே வயிற்றுக்கு. கங்குன், முளைக்கீரை, பொன்னாங்காணி. மூன்று நான்கு வாரத்தில் சட்டிக்கு வரும். நிவாரண அரிசியும் பருப்பும் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு அவசரமாக வேண்டியது இந்தப் பச்சைதான். இரண்டாவது பாத்தியில் வெண்டி, கத்தரி, கொச்சிக்காய். வெண்டி ஒன்றரை மாதத்தில் பிடிக்கத் தொடங்கும். கத்தரியும் கொச்சிக்காயும் தாமதம், ஆனால் மாதக்கணக்கில் தரும். பயற்றங்காயும் பாகலும் வேலியில் ஏறட்டும். கறிவேப்பிலையும் ரம்பையும் குசினி ஓரத்தில். முருங்கைக்கு நம் மழை அவ்வளவு பிடிக்காது. ஒன்று வையுங்கள், காய் வராவிட்டாலும் கீரை வரும்.

மூன்றாவது பாத்தி பூ. சிரித்தவர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். கீரை ஒரு கட்டு மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்போம், ஏனென்றால் பக்கத்து வீட்டிலும் அதே கீரை, விற்க ஆளில்லை. பூவுக்கு அப்படியில்லை. பூ தேவைப்படும் நாள் கலண்டரில் இருக்கிறது. தைப்பொங்கல் இருக்கிறது. மாசி தொடங்கிச் சித்திரைக்குள் பல தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா. மாதா மாதம் போயா. மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். இரத்தினபுரி வழியில் பலாபத்தலவுக்கும், குருவிட்ட வழியில் எரத்னவுக்கும் போகிற சனம் கையில் பூவோடு போகிறது. இந்த நாட்கள் பெரும்பாலும் மழை குறைந்த மாதங்களில் விழுவது நம் அதிர்ஷ்டம்.

செவ்வந்தியை இந்தக் கணக்கில் வையுங்கள். தைப்பொங்கலுக்கு வேண்டுமென்றால் விதை இந்த மாதம் 15ஆம் திகதிக்குள் விழ வேண்டும். பாத்தியில் அல்ல, மழை அடித்துப் போகும். பழைய தட்டிலோ வெட்டிய எண்ணெய்க் கானிலோ, கூரைக்குக் கீழே. நான்கு வாரத்தில் நாற்றுத் தயார். நட்டு மூன்று வாரத்தில் கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள். கொழுந்து கிள்ள இந்த மண்டபத்தில் யாருக்கும் பாடம் வேண்டாம். கிள்ளினால் பூ ஒரு வாரம் பிந்தும், ஆனால் ஒரு தண்டுக்குப் பதில் ஆறு தண்டு வரும். வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் அதே வரிசையில் நிற்கலாம்; பறித்த பின்னும் நாட்கணக்கில் வாடாது, மாலைக்கு நல்லது. திருவிழாவுக்கு வேண்டுமென்றால் டிசம்பரில் இன்னொரு தட்டு போடுங்கள். சித்திரைக்குப் பிறகு செவ்வந்தி போடவே வேண்டாம், நான் பட்டது போதும்.

செவ்வந்தி நட்டால் மரக்கறிக்குப் பூச்சியே வராது என்று ஒரு பேச்சு உண்டு. அவ்வளவு நம்பாதீர்கள். கத்தரி, தக்காளி வேரில் முடிச்சுப் போடுகிற நுண்புழு இருக்கிறது. பாத்தி முழுக்க நெருக்கமாகச் செவ்வந்தி இரண்டு மாதத்துக்கு மேல் நின்று, அதை மண்ணோடு கொத்திப் புரட்டினால் அந்தப் புழு குறையும். ஆகவே இந்த வருடம் பூ நின்ற பாத்தியில் அடுத்த போகம் கத்தரி வையுங்கள். நடுவில் இரண்டு செடி வைத்துவிட்டுப் புழு ஓடும் என்று காத்திருப்பதில் பலனில்லை. பூவுக்குத் தேனீயும் வண்டும் வரும். பாகலும் பூசணியும் காய் பிடிக்க அது உதவும். அது உண்மை.

அந்தூரியம் வேறு விதம். அதற்கு நிழல் வேண்டும், ஈரக் காற்று வேண்டும். இரண்டும் நம்மிடம் தாராளம். மண்ணில் வைக்காமல் சட்டியில், இல்லாவிட்டால் உரப்பையில் வையுங்கள். வெட்டிய பொச்சு, செங்கல் துண்டு, தும்பு, கொஞ்சம் கூட்டெரு போதும். தண்ணீர் நிற்கக்கூடாது. கொடித்தோடைப் பந்தலுக்குக் கீழே நன்றாக நிற்கும். பாகல் பந்தல் மூன்று நான்கு மாதத்தில் காய்ந்துவிடும், பிறகு இலை வெயிலில் கருகும். ஒரு இலைக்கு ஒரு பூ என்பது அதன் கணக்கு, ஆகவே அழகுக்காக இலை வெட்டாதீர்கள். நடுவில் இருக்கிற காம்பு முக்கால்வாசி நிறம் மாறியதும், காலையில் வெட்டி உடனே தண்ணீரில் வையுங்கள். இலை விளிம்பில் நீர் ஊறின மாதிரிப் புள்ளி கண்டால் அந்தச் சட்டியைத் தள்ளி வைத்து, கத்தியைக் கொதிதண்ணீரில் கழுவுங்கள். ஒரு பக்கக்கன்றை நட்டு ஓரளவு பூ எடுக்க ஒரு வருடமாவது பொறுக்க வேண்டும். நாளைக்கே காசு என்று நான் சொல்ல மாட்டேன். மலர்வளையம் கட்டுகிற கடையிலும், கலியாண மண்டப அலங்காரக்காரரிடமும் முதலில் போய், என்ன நிறம் வாங்குகிறீர்கள், எத்தனை தண்டுக்குக் குறையாமல் வேண்டும் என்று கேளுங்கள். ஐந்து வீடு சேர்ந்து ஒரே நிறம் வளர்த்தால்தான் ஒரு வாளி நிறையும்.

பொச்சிலும் சட்டித்தட்டிலும் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு. கிழமைக்கு ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள், பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.

கறியும் பூவும் பக்கத்தில் நிற்கும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும். பூவுக்குத்தானே என்று நஞ்சு அடிக்கக்கூடாது. காற்று அதைக் கீரைக்குக் கொண்டுபோகும். அலரி, ஊமத்தை, கார்த்திகைப்பூ மூன்றும் கறிப்பாத்திக்குப் பக்கத்தில் வேண்டாம். கார்த்திகைப்பூக் கிழங்கை வேறு கிழங்கென்று நினைத்து அவித்தால் ஆளையே கொல்லும். அந்தூரியம் இலையைப் பிள்ளைகள் மென்றால் வாய் எரியும், அதையும் சொல்லி வையுங்கள்.

இன்னொரு விஷயம், கூட்டத்தில் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் தனியாகக் கேட்கிற விஷயம். "இங்கேயே இருக்க விடுவார்களா? மறுபடி போகச் சொன்னால்?" நியாயமான கேள்வி. நம் மாகாணத்துத் தோட்டங்களில் மழை மட்டும் ஆட்களை எழுப்பவில்லை. 1977, 1981, 1983 கலவரங்களில் வீட்டை விட்டு வவுனியா, கிளிநொச்சி என்று போனவர்களின் சொந்தக்காரர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். வைத்த பலாவை விட்டுவிட்டுப் போன கதை வீட்டுக்கு வீடு உண்டு. அதனால்தான் பலர் கீரைக்கு மேல் எதையும் நட மறுக்கிறார்கள்.

நான் சொல்வது இதுதான். கீரையும் வெண்டியும் மண்ணில் இருக்கட்டும். மூன்று மாதத்தில் கொடுத்ததைக் கொடுத்துவிடும். காசு தரும் அந்தூரியம் சட்டியில் இருக்கட்டும். போனால் கூடவே வரும், பக்கக்கன்று பிரித்து மகள் வீட்டுக்கும் கொடுக்கலாம். நீண்டகால மரம் வைப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். ஏழு பேர்ச் கிடைத்தவர்கள் உங்களிடம் இருக்கிற கடிதம் என்ன, அதில் எல்லை எப்படிப் போட்டிருக்கிறது என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு, ஒரு பிரதி எடுத்துப் பொலித்தீன் உறையில் வையுங்கள். லயத்தில் இருப்பவர்கள் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு வேலி போடுங்கள். எழுத்தில் வாங்கினால் நல்லது. விதை, கன்று, நோய் பற்றிக் கேட்பதற்குக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார். அது கிராமத்து ஆட்களுக்கு மட்டும் என்று நினைத்து நாம் போவதில்லை, நமக்கும் உரியதுதான். நடக்க முடியாவிட்டால் 1920க்கு எடுங்கள், விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவை.

முடிக்க முன், பாத்திக்குப் பக்கத்தில் ஒரு டின். சுவர் நேராக இருக்கிற டின், மரமோ கூரையோ மறைக்காத இடத்தில். தினமும் காலையில் ஒரே நேரத்துக்குப் பிள்ளையின் அடிமட்டத்தை விட்டு அளந்து, கொட்டிவிடுங்கள். ஒரு நாளில் ஏழரைச் சென்ரிமீற்றர், அதாவது 75 மில்லிமீற்றர் இருந்தால் விழிப்பாக இருக்க வேண்டும், பையைக் கட்டி வையுங்கள். 100 ஆனால் போவதற்குத் தயார். 150 ஆனால், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் 75 கொட்டினால், வீட்டில் இருக்கக்கூடாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கிற அளவு இவை. டின் நிறையவில்லை என்று நிலத்தை மறக்கவும் வேண்டாம். தோட்டத்தில் தினமும் நிற்கிற ஆளுக்குத்தான் முதலில் தெரியும்: பாத்திக்குக் குறுக்கே புது வெடிப்பு, நேற்று நேராக நின்ற கம்பம் இன்று சாய்ந்தது, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கியது, இல்லாவிட்டால் நின்றது. கண்டால் அயலைக் கூப்பிடுங்கள், வெளியேறுங்கள், 117க்குச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அந்தூரியச் சட்டியைத் தூக்கத் திரும்பிப் போகாதீர்கள். போகிற ஆள் நம்மில் உண்டு, எனக்குத் தெரியும்.

கம்பும் நூலும் வெளியே வைத்திருக்கிறேன். இரண்டிரண்டு குடும்பமாக வாருங்கள், மட்டம் பார்க்கிறதைக் கட்டிக் காட்டுகிறேன். கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு விதைப் பொட்டலமும் இரண்டு அந்தூரியக் கன்றும் உண்டு. அன்றைக்குக் கேட்ட அம்மா எங்கே? நீங்கள் முதலில் வாருங்கள்.